வீட்டுக்குள் நடந்த கொலை: ‘சாகடிக்க நினைக்கவில்லை’ என்றால் கோர்ட் என்ன பார்க்கும்?

கேள்வி இதுதான்: குடித்துவிட்டு வந்த கணவன், சண்டையில் கையில் கிடைத்த கட்டையால் மனைவியைத் தலையில் அடிக்கிறான். மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துவிடுகிறார். வீட்டில் வேறு யாரும் இல்லை. ‘அடித்தேன், ஆனால் சாகடிக்க நினைக்கவில்லை’ என்கிறான். மனதுக்குள் இருந்ததை அரசுத் தரப்பு எப்படி நிரூபிக்கும்? போலீஸ் கொலை வழக்கு (302) போட்டிருக்கிறது; அது நிரூபணமாகாவிட்டால் தப்பித்துவிடுவானா?

அடித்தது நிரூபணமானால் தப்பிக்க முடியாது. எந்தப் பிரிவில் மாட்டுவான் என்பதுதான் வழக்கு. குடும்பச் சண்டையில் நடக்கும் மரணங்களில் செய்தது யார் என்பது பெரும்பாலும் முதல் நாளே தெரிந்துவிடும். அப்புறம் வருடக்கணக்கில் செஷன்ஸ் கோர்ட்டில் நடப்பது, இது 302-ஆ 304-ஆ என்ற வாதம்தான். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவில் 103-ஆ 105-ஆ. அதற்கு முன் நடந்ததற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், நானும் இங்கே பழைய எண்களையே பெரும்பாலும் சொல்கிறேன். முதலாவது கொலை, ஆயுள் தண்டனை அல்லது தூக்கு. இரண்டாவது, கொலை ஆகாத மரணம் விளைவித்தல்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். காரணம் வேறு, நோக்கம் வேறு. வரதட்சணைத் தகராறு, நடத்தையில் சந்தேகம், குடிக்கப் பணம் தராதது எல்லாம் காரணம். அடி விழுந்த நொடியில் அவன் எதை உண்டாக்க நினைத்தான் என்பது நோக்கம். காரணம் மலையளவு இருந்தும் நோக்கம் நிரூபணமாகாமல் போகும். காரணம் என்னவென்றே தெரியாத வழக்கில் நோக்கம் பளிச்சென்று தெரியும். குடும்ப வழக்குகளில் போலீஸ் மாமியார், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று வரிசையாகச் சாட்சி சேர்ப்பது எல்லாம் காரணத்துக்குத்தான். பத்து வருடமாகச் சண்டை என்று அவர்கள் சொல்வார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, ‘பத்து வருடமாகச் சண்டை நடந்தும் அவன் கொல்லவில்லை, அப்படித்தானே?’ என்று ஒரு கேள்வி கேட்டால், அந்தச் சாட்சியம் இரண்டு பக்கமும் வெட்டத் தொடங்கிவிடும்.

நோக்கம் என்பது எந்தச் செயலோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதை, நூறு வருடத்துக்கு முன்பே நம் கோயம்புத்தூர் வழக்கு ஒன்று உலுக்கிப் பார்த்திருக்கிறது. பழனி கவுண்டன் வழக்கு, 1919. சட்டக் கல்லூரியில் படித்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கணவன் மனைவியைக் கலப்பைக் கொழுவால் தலையில் அடித்தான். அவர் நினைவிழந்து விழுந்தார். செத்துவிட்டார் என்று அவன் நம்பினான். தற்கொலை மாதிரி காட்டுவதற்காகக் கயிற்றைக் கட்டி, அவரை உத்தரத்தில் தூக்கிவிட்டான். பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது என்னவென்றால், தலையில் விழுந்த அடி உயிரைப் போக்கவில்லை. தூக்கில் மாட்டியபோது அவருக்கு உயிர் இருந்திருக்கிறது. கழுத்து இறுகித்தான் இறந்திருக்கிறார்.

செஷன்ஸ் நீதிபதி கொலை என்று தீர்ப்பளித்துத் தூக்குத் தண்டனை கொடுத்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வுக்குப் போனது. தலைமை நீதிபதி சர் ஜான் வாலிஸ் முன்னால் இருந்த சிக்கலைப் பாருங்கள். முதல் செயல் அடி. அதில் கொல்லும் நோக்கம் நிரூபணமாகவில்லை, மரணம் விளைவிக்கக்கூடிய அடி என்றும் காட்டப்படவில்லை. இரண்டாவது செயல் தூக்கில் மாட்டியது. உயிர் போனது அதில்தான், ஆனால் அவன் அப்போது பிணத்தைத் தொங்கவிடுவதாக நினைத்துக்கொண்டிருந்தான். பிணம் என்று நம்புகிற ஒன்றைக் கொல்ல ஒருவன் எப்படி நினைக்க முடியும்? உயிரோடு இருக்கும், அல்லது உயிரோடு இருப்பதாக அவன் நம்பும் ஒரு மனிதரைப் பற்றியதாகத்தான் சட்டம் கேட்கும் நோக்கம் இருக்க முடியும் என்றது அமர்வு. கொலையும் இல்லை, கொலை ஆகாத மரணமும் இல்லை. அடித்ததற்குக் கொடுங்காயக் குற்றம், அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் பலருக்குக் கோபம் வரும். ஒரு பெண் இரண்டு முறை கொல்லப்பட்டதைப் போன்ற வழக்கில் ஒரு முறைகூடக் கொலை இல்லை என்றால்? என் கணிப்பில் அந்தத் தீர்ப்பின் தர்க்கம் சரி, முதல் அடியைப் பற்றிய மதிப்பீடுதான் தாராளம். கொழு என்பது இரும்பு. அதைத் தலையில் இறக்குபவனுக்கு என்ன நோக்கம் என்பதில் இன்றைய நீதிமன்றம் அவ்வளவு தயவு காட்டும் என்று நான் நினைக்கவில்லை. பின்னால் வந்த தீர்ப்புகள் அந்தத் தர்க்கத்துக்கு ஒரு வேலி போட்டன. 1943-ல் தவமணி வழக்கில் அதே சென்னை உயர் நீதிமன்றம், முதல் அடியே கொல்லும் நோக்கத்தோடு விழுந்திருந்தால், செத்துவிட்டதாக நினைத்துக் கிணற்றில் போட்டதையும் சேர்த்து ஒரே செயலாகப் பார்க்கலாம், அது கொலைதான் என்றது. ஆக, இரண்டு வழக்குக்கும் வித்தியாசம் முதல் அடியின் நோக்கத்தில் மட்டும். உங்கள் கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

சரி, முதல் அடியின் நோக்கத்தை எதை வைத்து அளப்பது? காயத்தை வைத்து. இதில் இன்றுவரை அசைக்க முடியாத தீர்ப்பு 1958-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன விர்சா சிங் வழக்கு. பஞ்சாபில் ஒருவன் இன்னொருவரின் வயிற்றில் ஈட்டியால் ஒரே ஒரு குத்து குத்தினான். ‘கொல்ல நினைக்கவில்லை, ஒரே குத்துதானே’ என்பது வாதம். நீதிபதி விவியன் போஸ் அதை எடுத்த விதம் அழகு. இவன் மரணத்தை நினைத்தானா என்று கேட்கவே தேவையில்லை. இந்த இடத்தில் இந்தக் காயத்தை உண்டாக்க நினைத்தானா, அல்லது அது தவறிப் பட்டதா என்று கேட்டால் போதும். நினைத்துத்தான் உண்டாக்கினான் என்றால், அந்தக் காயம் சாதாரண இயற்கைப் போக்கில் உயிரைப் போக்கப் போதுமானதா என்பதை மருத்துவம் சொல்லும். அதில் அவன் மனதுக்கு வேலை இல்லை. சாகும் அளவுக்குக் காயம் செய்துவிட்டு, ‘சாவை நினைக்கவில்லை’ என்று சொல்லும் உரிமம் யாருக்கும் கிடையாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதனால்தான் இந்த வழக்குகளில் முக்கியமான சாட்சி அழுதுகொண்டு வரும் தாய் இல்லை, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர். அவரிடம் அரசு வக்கீல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: ‘இந்தக் காயம் சாதாரண இயற்கைப் போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதா?’ அவர் ‘ஆமாம்’ என்று சொன்னால் கொலை எது என்று வரையறுக்கும் 300-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு கைக்கு வரும். ‘மரணம் விளைவிக்கக்கூடும்’ என்று சொன்னால் வழக்கு 304 பக்கம் சாய ஆரம்பிக்கும். போதும் என்பதற்கும் கூடும் என்பதற்கும் இடையில் ஒருவன் ஆயுள் முழுக்கச் சிறையிலா, சில வருடமா என்பது தொங்குகிறது. அந்தக் கேள்வியையே கேட்காமல் டாக்டரை இறக்கிவிடும் அரசு வக்கீல்களும் இருக்கிறார்கள். மேல்முறையீட்டில் அது பூதாகரமாக வந்து நிற்கும்.

குறுக்கு விசாரணையும் அந்த இடத்தில்தான் சூடு பிடிக்கும். கட்டையால் அடித்த வழக்கு என்றால், தலைக்காயம் வெளியில் எத்தனை சென்டிமீட்டர், உள்ளே மண்டை ஓடு விரிசல் விட்டிருக்கிறதா நொறுங்கியிருக்கிறதா, காயம் ஒன்றா பலவா, கீழே விழும்போது திண்ணை விளிம்பில் பட்டிருந்தால் இப்படி ஆகுமா, சிகிச்சை சீக்கிரம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று போகும். கடைசிக் கேள்விக்குப் பெரிய மதிப்பு இல்லை. சரியான சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்பதால் மரணத்தை விளைவித்த பொறுப்பு போய்விடாது என்று பழைய 299-ஆம் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. விளிம்பில் பட்டதா என்ற கேள்விக்குத்தான் மதிப்பு. உயிரைப் போக்கிய காயம் விழுந்ததால் வந்தது என்றால், ‘அந்தக் காயத்தை உண்டாக்க நினைத்தான்’ என்ற விர்சா சிங் படிக்கட்டு உடைந்துபோகும்.

ஆயுதமும் பேசும். வீட்டுக்குள் இருக்கும் எல்லாமே ஆயுதம்தான்: அருவாமணை, உலக்கை, அம்மிக்குழவி, விறகுக்கட்டை. அவன் அதை வெளியிலிருந்து கொண்டு வந்தானா, சண்டையின் நடுவில் கையில் கிடைத்ததை எடுத்தானா என்பது கனமான கேள்வி. 2006-ல் புலிச்செர்லா நாகராஜு வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிப் பார்க்க வேண்டியவற்றைச் சொல்லியிருக்கிறது: ஆயுதம், உடலின் எந்தப் பகுதி, எவ்வளவு வேகம், திடீர்ச் சண்டையா, முன்விரோதமா, ஒரே அடியா பல அடியா என்று. ‘ஒரே அடி என்றால் கொலை இல்லை’ என்று ஒரு நம்பிக்கை எங்கும் பரவிக் கிடக்கிறது. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. அம்மிக்குழவியை இரண்டு கையாலும் தூக்கித் தூங்குபவர் தலையில் போட்டால், ஒன்று போதும்.

சில மரணங்களில் முறையே நோக்கத்தைச் சொல்லிவிடும். கழுத்தை நெரிப்பது அப்படி. தள்ளிவிட்டால் ஒரு நொடி, ஓங்கி அடித்தால் ஒரு நொடி. நெரிப்பதற்கு, எதிரில் இருப்பவர் திமிறி, நினைவிழந்து, அதற்குப் பிறகும் பிடியை விடாமல் இருக்க வேண்டும். ஆகவே நெரித்தது நிரூபணமானால் நோக்கத்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்காது. அதனால்தான் அதைத் தூக்கு என்று காட்ட முயல்கிறார்கள். டாக்டர் பார்ப்பது கயிற்றுத் தடத்தை. தூக்கில் தொங்கியவர் கழுத்தில் தடம் பெரும்பாலும் தாடைக்குக் கீழே தொடங்கி, காதுப் பக்கமாக மேலே சாய்ந்து போகும், முழு வட்டமாக இருக்காது. கயிற்றால் நெரித்தால் கழுத்தைச் சுற்றிக் கிடையாக, இன்னும் கீழே இருக்கும். கழுத்துக்குள் தசையில் ரத்தக்கட்டு, நகக்கீறல் எல்லாம் அதோடு சேரும்.

அதிகம் பேசப்படாத ஒரு உட்பிரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொலையின் இரண்டாவது உட்பிரிவு, குறிப்பிட்ட அந்த நபருக்கு இந்தக் காயம் மரணத்தை உண்டாக்கும் என்று தெரிந்தே காயப்படுத்துவது. சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது: நோயாளி என்று தெரிந்தும் அடிப்பது. ஆரோக்கியமான ஆளுக்கு ஒன்றும் ஆகாத அடியாக இருந்தாலும் அது கொலைதான். தெருவில் போகிறவனுக்கு உங்கள் இதய ஆபரேஷன் பற்றி எதுவும் தெரியாது, கணவனுக்குத் தெரியும். கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக்கொடுத்தவனே அவன்தான். குடும்ப வழக்குகளுக்கென்றே எழுதியது போல இருக்கும் இந்த உட்பிரிவை, விசாரணை அதிகாரிகள் தொடுவதே அபூர்வம். இறந்தவரின் பழைய மருத்துவச் சீட்டுகளைக் கைப்பற்றினால் போதும், அது தொடங்கிவிடும்.

குடி. நம் ஊர் வழக்குகளில் இது இல்லாமல் இருக்காது. தானாகக் குடித்தவனுக்கு, குடிக்காதவனுக்கு இருக்கும் அறிவு இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் நோக்கத்தைப் பற்றி அப்படி அனுமானம் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் ‘போதையில் நோக்கம் ஏது’ என்று வாதாடுவார்கள். 1956-ல் பாஸ்தேவ் வழக்கு இதைத் தீர்த்தது. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஜமேதார், கல்யாண வீட்டில் நன்றாகக் குடித்திருந்தார். ஒரு சிறுவனை இடம் மாறி உட்காரச் சொன்னார்; அவன் நகரவில்லை; துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டுவிட்டார். நீதிபதி சந்திரசேகர அய்யர் எழுதிய தீர்ப்பில், தடுமாறினார் என்பது போதாது, நோக்கம் கொள்ளவே முடியாத அளவுக்குப் புத்தி மழுங்கியிருந்தது என்று காட்டினால்தான் பயன் என்று வந்தது. அவர் தானாக நடந்தார், பேசினார். கொலை உறுதியானது. ஆகவே உங்கள் ஆள் டாஸ்மாக்கிலிருந்து சரியாக வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்து, ‘பணம் எங்கே’ என்று கேட்டுச் சண்டை போட்டிருந்தால், போதை அவனைப் பெரிதாகக் காப்பாற்றாது.

இனி, பூட்டிய வீட்டுப் பிரச்சினை. ‘அவனும் அவளும் மட்டும்தான் இருந்தார்கள், அப்படியானால் என்ன நடந்தது என்று அவன்தானே சொல்ல வேண்டும்?’ என்று எல்லாரும் கேட்பார்கள். சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 109, ஒருவருக்கு மட்டும் விசேஷமாகத் தெரிந்த உண்மையை நிரூபிக்கும் சுமை அவர்மேல் என்கிறது. இதை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு, கொழும்பு டஃப் ஹவுஸ் வழக்கு நல்ல பாடம். 1933-ல் ஒரு வசதியான வீட்டில் மனைவி குளோரோஃபார்மால் இறந்து கிடந்தார். கணவர் செனவிரத்னவைக் கொலைகாரர் என்று ஜூரி முடிவு செய்தது. 1936-ல், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்தது. கணவரால் விளக்க முடியாதவை இருக்கின்றன என்பதால், கொன்றார் என்று நிரூபிக்கும் சுமையை அரசுத் தரப்பு இறக்கி வைத்துவிட முடியாது. இருபது வருடம் கழித்து, சம்பு நாத் மெஹ்ரா வழக்கில் நம் விவியன் போஸ் இந்த இலங்கைத் தீர்ப்பையே கையில் எடுத்தார். அது கொலை வழக்குகூட இல்லை, ஒரு ரயில்வே ஊழியரின் பயணப்படி விவகாரம். ஆனாலும் 106-ஐ அப்படியே நீட்டினால், கொலை வழக்கில் ‘கொன்றாயா இல்லையா என்று உன்னைவிட யாருக்குத் தெரியும், நீயே நிரூபி’ என்று ஆகிவிடுமே என்று அவர் சொன்னது இன்றும் ஒவ்வொரு வாதத்திலும் வருகிறது.

2006-ல் திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கு கொஞ்சம் எதிர்ப்பக்கம் நகர்ந்தது. மனைவி பாம்பு கடித்து இறந்ததாகச் சொன்னார்கள். பிரேதப் பரிசோதனை கழுத்து அழுத்தப்பட்டதைக் காட்டியது. வீட்டுக்குள் ரகசியமாக நடக்கும் குற்றத்தில் அரசுத் தரப்பின் ஆரம்பச் சுமை கொஞ்சம் இலகு, வீட்டில் இருந்தவர்கள் விளக்கம் தர வேண்டும், தராவிட்டால் அல்லது பொய் சொன்னால் அது சங்கிலியில் இன்னொரு கண்ணி என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 106 கொடுப்பது ‘யார்’ என்பதற்கான விடையை. ‘என்ன நோக்கத்தோடு’ என்பதற்கு அது விடை தராது. அவன் வாயை மூடிக்கொண்டிருப்பதிலிருந்து அவன்தான் செய்தான் என்று முடிவுக்கு வரலாம். கொல்லத்தான் செய்தான் என்று வர முடியாது. அதற்கு மறுபடியும் காயத்திடம்தான் போக வேண்டும்.

காயமே எதுவும் சொல்லாத வழக்குகளில் என்ன செய்வது? முன்னேற்பாடு பேச வேண்டும். கேரளத்தில் கொல்லம் மாவட்டம் அஞ்சலில் 2020 மே மாதம் ஒரு இளம்பெண் படுக்கையில் நாகம் கடித்து இறந்தார். பாம்புக்கடியில் நோக்கம் யாருடையது? ஆனால் அதே பெண்ணை அந்த மார்ச்சில்தான் கணவன் வீட்டில் விரியன் கடித்திருந்தது; அதற்குச் சிகிச்சை முடிந்து தாய்வீட்டில் இருந்தபோதுதான் நாகம். கணவன் இரண்டு பாம்பையும் ஒரு பாம்பாட்டியிடம் வாங்கியது வெளியே வந்தது. அந்த ஆள் அப்ரூவராக, அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினார். போனில் பாம்புகளைப் பற்றித் தேடியது கிடைத்தது. அப்புறம் போலீஸ் செய்தது, இந்திய விசாரணை வரலாற்றிலேயே விசித்திரமான ஒரு சோதனை. ஒரு பொம்மையின் கையில் கோழி இறைச்சியைக் கட்டி, உயிருள்ள நாகத்தை விட்டுப் பார்த்தார்கள். பாம்பு தானாகக் கடிக்கும்போது பற்தடங்களுக்கு இடையே உள்ள தூரம் ஒரு அளவு. தலையைப் பிடித்து அழுத்திக் கடிக்க வைத்தால் அது அகலும். இறந்தவர் கையில் இருந்தது அகன்ற தடம். 2021 அக்டோபரில் இரட்டை ஆயுள் தண்டனை வந்தது. கொலைக்கு ஒன்று, மார்ச் மாத விரியனுக்காகக் கொலை முயற்சிக்கு ஒன்று. முதல் முயற்சி இல்லாமல் இரண்டாவதை மட்டும் வைத்து நோக்கத்தை நிறுவியிருக்க முடியுமா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

வரதட்சணை மரணம் என்கிற 304-பி பிரிவு பற்றியும் கேட்பீர்கள். அதில் கொல்லும் நோக்கமே நிரூபிக்க வேண்டியதில்லை. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் இயற்கைக்கு மாறான மரணம், இறப்பதற்குச் சற்று முன்பு வரதட்சணைக்காகக் கொடுமை, இரண்டும் காட்டப்பட்டால் சட்டம் அனுமானித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை அறிக்கையில் வரதட்சணை என்ற சொல் வந்ததும், கொலையா என்று தோண்டுவதைச் சில அதிகாரிகள் நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் குறை. குறைந்தபட்சம் ஏழு வருடம் கிடைக்கும் பிரிவு கையில் இருக்கும்போது எதற்கு மெனக்கெட வேண்டும் என்ற எண்ணம்.

கோபத்தில் செய்தது என்ற வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திடீரென்று, கடுமையான ஆத்திரமூட்டலில் தன்னிலை இழந்து செய்தால் கொலை, கொலை ஆகாத மரணமாகக் குறையும். கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில், 1959 ஏப்ரல் 27 அன்று மனைவி தனக்கு வேறொருவரோடு இருந்த உறவைச் சொன்ன பிறகு, அவர் குடும்பத்தைச் சினிமாவில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய்ப் பொய் சொல்லித் துப்பாக்கி வாங்கி, அப்புறம்தான் அந்த ஆளின் வீட்டுக்குப் போனார். கோபம் ஆற நேரம் இருந்தது என்றது உச்ச நீதிமன்றம். திடீர்ச் சண்டை என்ற இன்னொரு விலக்கைக் கணவன்மார்கள் அதிகம் கேட்பார்கள். அதற்குச் சண்டை இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், கொடூரமாகவோ அநியாய அனுகூலம் எடுத்தோ நடந்திருக்கக் கூடாது. நிராயுதபாணியான மனைவியைக் கட்டையால் அடித்ததைச் ‘சண்டை’ என்று எழுதும் தீர்ப்புகளைப் படிக்கும்போது எனக்கு ஒப்பவில்லை.

பெண்கள் பக்கம் வந்தால், நோக்கத்தைப் பற்றிய நேர்மையான சங்கடம் கிணற்றங்கரையில்தான் இருக்கிறது. 1940-ல் அலகாபாத்தில் திராஜியா வழக்கு. கணவனின் அடிக்குப் பயந்து, ஆறு மாதக் குழந்தையோடு வீட்டை விட்டு நடந்தவர், பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினார். கணவன் வந்துகொண்டிருந்தான். பதறிக் குழந்தையோடு கிணற்றில் குதித்தார். அவர் பிழைத்தார், குழந்தை போய்விட்டது. குழந்தையைக் கொல்லும் நோக்கம் அவருக்கு இல்லை, ஆனால் சாகும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பதற்றம் அந்த அபாயத்துக்கு ஒரு சமாதானம் என்று சொல்லி, கொலை இல்லை, 304 என்றது உயர் நீதிமன்றம். 1953-ல் மத்திய பாரத்தில் கியார்சி பாய் நாத்தனாரோடு சண்டை போட்டுவிட்டு மூன்று குழந்தைகளோடு குதித்தார். அதே கிணறு, அதே செயல். ஆனால் துரத்தி வந்தவர் யாரும் இல்லை, ஆகவே சமாதானமும் இல்லை. கொலை என்றது தீர்ப்பு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தப் பெண்களின் மனதைவிட அவர்கள் பின்னால் யார் ஓடி வந்தார்கள் என்பதுதான் தீர்ப்பை எழுதியிருக்கிறது. நம் சென்னை உயர் நீதிமன்றம் 1989-ல் சுயம்புக்கனி வழக்கில் இந்த இடத்தைத் தொட்டது. தாய் பிள்ளைகளோடு கிணற்றில் விழும் இந்த வழக்குகளுக்கு, நல்லதங்காளின் பெயரையே வைத்தார்கள். ஒரு நொடியில் வெடிக்கும் ஆத்திரமூட்டல்தான் சட்டத்தில் இருக்கிறது. வருடக்கணக்கில் சேர்ந்து கனத்து ஒரு நாள் உடையும் தொடர் ஆத்திரமூட்டல் இல்லை. அதையும் கணக்கில் எடுக்கலாம் என்று சொல்லி, கொலையைக் கொலை ஆகாத மரணமாகக் குறைத்தது நீதிமன்றம். இதே வாதத்தை, வருடக்கணக்கில் அடி வாங்கிவிட்டுக் கணவனைக் கொன்ற பெண்களுக்கும் நீட்ட வேண்டும் என்பது என் கட்சி. சட்டப்புத்தகத்தில் அதற்கு இன்னும் தனி விலக்கு இல்லை. புதிய சன்ஹிதா எழுதியபோது சேர்த்திருக்கலாம்.

உங்கள் வழக்குக்கு வருவோம். என்னைக் கேட்டால் நான் முதலில் புரட்டுவது மூன்று தாள்களை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எழுதிய ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்): அதில் ‘கீழே விழுந்ததால்’ என்று இருக்கிறதா, ‘தெரிந்த நபர் கட்டையால் தாக்கியதால்’ என்று இருக்கிறதா, சொன்னது யார். பார்வை மகஜர், அதாவது சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு: கட்டை எங்கே கிடந்தது, ரத்தம் எங்கே, அடுப்படியிலா கட்டிலிலா. பிரேதப் பரிசோதனைச் சான்று: தலையில் எத்தனை காயம், கையில் தடுத்த காயம் இருக்கிறதா. கூட்டிக்கொண்டு போனது கணவனா, 108-க்கு எப்போது போன் போனது என்பதும் முக்கியம். அடித்தவனே அலறி அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தால், அது கொல்லும் நோக்கத்துக்கு எதிரான நல்ல சாட்சியம். விடியும்வரை பக்கத்தில் படுத்துக் கிடந்துவிட்டு, காலையில் தூக்கிப் போயிருந்தால் கதை வேறு.

கட்டையால் தலையில் ஒரே அடி, கையில் கிடைத்த கட்டை, உடனே ஆஸ்பத்திரி என்றால் 304-இன் இரண்டாம் பகுதியில் (நோக்கம் இல்லை, சாகக்கூடும் என்ற அறிவு மட்டும்) முடிய நிறைய வாய்ப்பு. அதிகபட்சம் பத்து வருடம். அடி பலமாக, மண்டை நொறுங்கும்படி விழுந்து, ஏதோ ஒரு விலக்கு மட்டும் பொருந்தினால் முதல் பகுதி. அதில் ஆயுள்வரை போகலாம், புதிய 105-இல் குறைந்தது ஐந்து வருடம் என்றும் வைத்துவிட்டார்கள். பல அடி, தலையை மட்டும் குறிவைத்தது, விழுந்த பிறகும் அடித்தது என்று டாக்டர் சொன்னால் 302 நிற்கும். போலீஸ் 302 போட்டிருக்கிறதே, நிரூபணமாகாவிட்டால் விடுதலையா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. பெரிய குற்றத்துக்குக் குற்றச்சாட்டு வனைந்த வழக்கில், அதற்குள் அடங்கிய சிறிய குற்றத்துக்குத் தனிக் குற்றச்சாட்டு இல்லாமலே தண்டிக்கலாம். 304-க்கு மட்டும் குற்றச்சாட்டு வனைந்துவிட்டு, கடைசியில் 302-ல் தண்டிக்கத்தான் முடியாது. ஆகவே இறந்தவரின் குடும்பம் கவனமாக இருக்க வேண்டியது குற்றச்சாட்டு வனையும் நாளில். அன்று எதிர்த்தரப்பு 304 போதும் என்று கேட்கும். அரசு வக்கீல் பிரேதப் பரிசோதனைச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்த்து நிற்கிறாரா என்று பாருங்கள்.